தைரியராஜுக்குக் கனகாம்பரம்

மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்புகிறவன் என்னென்ன கொண்டுவருவான் என்று திருச்சி பாலக்கரைக்கே தெரியும். கோடாலித் தைலம், பால் பவுடர் டின், பேரீச்சம்பழம், யாருக்கும் பொருந்தாத சைஸில் டீ-ஷர்ட். நானும் கொண்டுவந்தேன். கூடவே, விமானம் ஏறுவதற்கு முன்பே, வாட்ஸ்அப்பில் ஒரு கல்லறைக் கல்லுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தேன்.

கறுப்பு கிரானைட். முழங்கால் உயரம். மேலே சிலுவை, அதற்குக் கீழே பாக்கியமேரி என்று என் மனைவியின் பெயர், அதற்கும் கீழே, இருதயநாதனின் அன்பு மனைவி. கல் செதுக்குகிறவர் போட்டோ அனுப்பி "ஓகேவா சார்?" என்று கேட்டபோது, என் பெயர் அவள் பெயரைவிடப் பெரிதாகிவிட்டதோ என்று விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த அளவுக்குக்கூட அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

பாக்கியம் செத்துப்போனது கொரோனாவின் இரண்டாவது அலையில். அப்போது விமானம் கிடையாது. விமானம் விட்டபோது என்னை விடவில்லை. நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியின் முதலாளி ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டு எங்கேயோ போய்விட்டார். அவரோடு காணாமல்போன ஏ.சி. மெஷின்களுக்கெல்லாம் முறைப்படி கையெழுத்துப் போட்டு வைத்திருந்தவன் நான். கேஸ் முடியும்வரை நாட்டைவிட்டு நகரக் கூடாது என்றார்கள். சின்ன வயசில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சோப்பு டப்பா பரிசு கொடுத்தார்கள். அந்த அழகு என்னை நான்கு வருடம் அங்கேயே உட்கார வைத்துவிட்டது.

அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன். மகள் லிசி தூரத்தில் நின்று பிடித்துக் காட்டினாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக மூடிக்கொண்ட நாலு பேர் கயிற்றில் பெட்டியை இறக்கினார்கள். பாதி இறங்கும்போது படம் நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது மண் மூடியிருந்தது. எங்கள் முப்பது வருட வாழ்க்கையும் அநேகமாக இப்படித்தான், முக்கியமான இடத்திலெல்லாம் நான் லைனில் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் எனக்குத் திருப்பலி, நினைவுநாள் எல்லாமே போன்தான். அன்றைக்குக் கல்லறைத் திருநாள். எங்கள் ஜனம் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி கொளுத்தும். சாயங்காலம் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். லிசி கூட்டம் சேர்வதற்கு முன்பே காலையில் போய்விடுவாள். மண்மேட்டை மெழுகி, சிலுவையில் கனகாம்பரம் சுற்றி, வீடியோ காலில் வருவாள். பாக்கியத்துக்கு மல்லிகை ஆகாது, தலை வலிக்கும். வாசனையே இல்லாத கனகாம்பரம்தான் வேண்டும்.

"அப்பா, அம்மா முன்னாடி வச்சிருக்கேன். பேசுங்க" என்று போனைச் சிலுவையில் சாய்த்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவாள்.

நான் பேசுவேன். அங்கே ரூமில் குளித்து, ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மண்மேட்டைப் பார்த்துப் பேசுவேன். கூட இருக்கிற மலையாளிகள் நாகரிகமாக வெளியே போய்விடுவார்கள். சாம்பாரில் உப்பு கூடிப்போனதைச் சொல்வேன். தூக்கம் வராததைச் சொல்வேன். ஒரு வருடம் பாட்டுப் பாடினேன். போன வருடம், ரகசியம் என்ன வேண்டியிருக்கிறது, கண்ணாடித் திரையில் முத்தமும் கொடுத்தேன். திரையில் எண்ணெய் பட்டு அவள் கல்லறை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது.

கேஸ் ஒருவழியாக முடிந்து, அக்டோபர் கடைசியில் திருச்சியில் இறங்கியபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மண்ணைக் கையால் தொட வேண்டும். வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மிச்சத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லிசி குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், ஒரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பால்கனியில் நின்றால் கோபுரம் பாதி தெரியும். மீதிப் பாதியை எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் எடுத்துக்கொண்டுவிட்டது. மாப்பிள்ளை பிரவீன்ராஜுக்குத் திருவெறும்பூரில் ஷிப்ட் வேலை. நல்ல பையன், என்னிடம் பேசும்போது மட்டும் உடல்நலம் விசாரிக்கும் நர்ஸ் மாதிரி குனிந்து சத்தமாகப் பேசுவார்.

வந்த மறுநாளே "கல்லறைக்குப் போலாமாம்மா?" என்றேன்.

"மழை பெஞ்சு சேறா கெடக்குப்பா."

அடுத்த நாள் கேட்டேன்.

"உங்களுக்கு பிரஷர் இருக்கு. அங்க போய் அழுதீங்கன்னா? டாக்டர பாத்துட்டுப் போலாம்."

டாக்டரைப் பார்த்தேன். அழலாம் என்றுதான் சொன்னார். அன்றைக்கு லிசிக்குத் தலைவலி வந்துவிட்டது. அம்மா நினைப்பு வந்து பிள்ளை கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கல் விஷயத்தை அவளிடம் சொல்லவே இல்லை. திருநாள் அன்று காலையில் காட்டி அசத்துவதாகத் திட்டம். பங்குச் சாமியாரிடம் போனிலேயே அனுமதி வாங்கி, பாசில் என்கிற லோடு ஆட்டோக்காரரையும் ஏற்பாடு பண்ணியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களிலேயே கச்சிதமானது இதுதான். அதனாலேயே நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தேதி காலையில் லிசியைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கீழே காட்டினேன். லோடு ஆட்டோவில் வைக்கோல்மீது கல் மல்லாந்து கிடந்தது. பாசில் அங்கிருந்தே சலாம் வைத்தார்.

லிசி பெயரைப் படித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப எதுக்குப்பா கல்லு?"

"அம்மாவுக்கும்மா. பேரே இல்லாம கெடக்கிறாள்ல."

"நான் பாத்து வச்சிருப்பேன்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" உள்ளே பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. "இன்னிக்கு வேணாம்ப்பா. கூட்டமா இருக்கும். நாளைக்குப் போலாம், ப்ளீஸ்."

"கூட்டத்துக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம். நீ குளிச்சிட்டு மாப்பிள்ளை வண்டியில வா. நான் கல்லோட முன்னாடி போறேன்."

"அப்பா, நில்லுங்கப்பா, உங்களுக்கு எடம் தெரியாது!"

"எனக்கா தெரியாது?" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினேன்.

சாத்தார வீதியில் ஆட்டோவை நிறுத்தி, நானே பார்த்துப் பார்த்துக் கனகாம்பரம் வாங்கினேன். காவிரிப் பாலத்தில் ஏறும்போது பாசில் முன்னாலிருந்து கத்தினார்.

"அண்ணே, கல்லு ஆடுது! காலால முட்டுக் குடுங்க!"

பின்னால் கல்லோடு உட்கார்ந்திருந்த நான் கால் இரண்டையும் கல்லுக்குக் கொடுத்தேன். அன்பு மனைவி என்கிற இடத்தில் என் வலது கால் இருந்தது. மன்னிச்சுக்க பாக்கியம், பாலம் முடிகிறவரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டேன். கீழே ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் அந்நேரத்துக்கே ஜனம் வந்துவிட்டது. வாளியும் மண்வெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செத்தவர்களுக்கு வீடு பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. வேப்பமரம், அதற்கு இடப்பக்கம் நீல டைல்ஸ் ஒட்டிய பெரிய கல்லறை, அதன் பின்னால் மூன்றாவது மண்மேடு. நேராகப் போய் நின்றேன்.

"முன்னாடி வந்ததே இல்லன்னீங்க?" என்றார் பாசில்.

"வீடியோல பாத்தே மனப்பாடம், பாய்."

"அல்லா, என் பொண்டாட்டி வீட்டுக்கே நான் ரெண்டு தடவ வழி கேட்டுத்தான் போவேன்."

அவரும் அங்கே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒருவருமாகக் கல்லைத் தூக்கிவரப் போனார்கள். நான் முழந்தாளிட்டேன். மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. இரண்டு கையையும் அதில் பதித்தேன். நான்கு வருடமாக என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சிலுவையில் கனகாம்பரத்தைச் சுற்றி, பர்ஸிலிருந்த அவள் போட்டோவை மண்ணில் சாய்த்து வைத்தேன்.

"வந்துட்டேன் பாக்கியம்" என்றேன்.

"யாரு பாக்கியம்?"

எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. திரும்பினால் எழுபது வயது சொல்லக்கூடிய ஓர் அம்மா. ஒரு கையில் செவ்வந்திப் பை, இன்னொரு கையில் குடை. குடையை விரிக்கவில்லை, அடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"கேக்கறேன்ல? யாரு அந்த பாக்கியம்? தானா வர தைரியமில்லாம உங்கள அனுப்பிச்சிருக்காளா?"

"அம்மா, உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. பாக்கியம் என் மனைவி. இதுல அடக்கமாகியிருக்கா."

"இதுலயா?" அந்த அம்மா சிலுவையைக் குடையால் தட்டினார். "இதுல என் புருஷன் இருக்காரு."

அந்தச் சமயம் பார்த்துப் பாசிலும் அந்த ஆளும் கல்லோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணே, கல்லு கனமா இருக்கு" என்றார் பாசில். "உள்ள யாருன்னு கொஞ்சம் சீக்கிரமா முடிவு பண்ணுங்க."

"அந்தப் பக்கம் வைப்பா" என்றார் அந்த அம்மா. வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள்.

அவர் பெயர் பவுனம்மாள். கணவர் தைரியராஜ், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இதெல்லாம் அவர் எனக்கு அறிமுகமாகச் சொல்லவில்லை, போலீஸில் எழுதிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். நான் போட்டோவைக் காட்டினேன், வேப்பமரத்தைக் காட்டினேன், நீல டைல்ஸைக் காட்டினேன். அவர் கனகாம்பரத்தைக் காட்டினார்.

"வருஷா வருஷம் நான் சாயங்காலம் பூசைக்கு வருவேன். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். புல்லு புடுங்கி, மெழுகி, மெழுகுவத்தி எரிஞ்சு தீர்ந்து. அதுவாவது போகட்டும், யாரோ புண்ணியவான்னு விடலாம். சிலுவையில கனகாம்பரம்! ஆம்பளைக்கு எவனாவது கனகாம்பரம் வைப்பானா? அப்ப எவளோ ஒருத்தி வைக்கிறா, அவளுக்குப் புடிச்ச பூவ. அப்படித்தான நெனப்பேன்?"

"அப்படித்தான்மா நெனைக்க முடியும்" என்றேன்.

"குவார்ட்டர்ஸ்ல இருந்த ஒவ்வொருத்தியா நெனச்சுப் பாத்தேன். பாட்டுக்குழுவுல ஒருத்தி, தங்கமான பொம்பள, அவகூடப் பேச்சையே விட்டேன். செத்தவரப் போய்ச் சந்தேகப்படறேனேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொன்னா, சாமி சிரிக்கிறாரு. இன்னிக்குப் புடிச்சே ஆகணும்னு வெள்ளெனவே வந்தேன்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்து பாத்தா நீங்க."

அவர் குரலில் லேசாக ஏமாற்றம்கூட இருந்தது.

நான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன், தப்பு அந்த அம்மாவுடையது என்று. வயதாகிவிட்டது, மேடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, மகள் வந்தால் தெளிவாகிவிடும். அப்போது லிசி ஓடிவந்தாள். தலை பின்னவில்லை, செருப்பெல்லாம் சேறு. கல்லையும், பவுனம்மாளையும், மண்ணில் சாய்த்திருந்த அம்மா போட்டோவையும் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா. இது அம்மாவோடதுதான?"

அவள் குனிந்து செருப்புச் சேற்றைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மறுபடி கேட்டேன், ஒரு முட்டாளுக்குக் கொடுத்த வாய்ப்பைத் தவறவிடாமல்.

"மொதல் வருஷம் வந்தப்ப அம்மாவோட சிலுவையே இல்லப்பா" என்றாள். "பெருமழை பெஞ்சிருந்துச்சு. அந்த அலையில அடக்கம் பண்ணவங்களோட சிலுவையெல்லாம் விழுந்து, அடிச்சிட்டுப் போயி, புதுசா வேற குழி வெட்டி... இந்த ரெண்டு வரிசையிலதான் எங்கயோன்னு சொன்னாங்க. யாருக்கும் தெரியல. நான் அங்கயும் இங்கயும் ஓடிட்டிருந்தேன். அப்ப நீங்க கால் பண்ணீங்க."

"ம்."

"வெள்ளைச் சட்ட போட்டுட்டு உக்காந்திருந்தீங்கப்பா. ஷேவ் பண்ணி. மெழுகுவத்தி ஏத்தி. அம்மா எங்கம்மா, காட்டுன்னீங்க. இது ஒண்ணுலதான் சிலுவை நேரா நின்னுச்சு. பேரும் இல்ல. நான்... காட்டிட்டேன்."

பாசில் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒருதடவ காட்டிட்டேன். அடுத்த வருஷம் எப்படிப்பா மாத்திக் காட்டறது?"

எந்த வீட்டு எழவிலும் ஒரு ஜோக் சொல்லிவிடுகிறவன் நான். என் மாமனார் அடக்கத்தில்கூடச் சொல்லி, பாக்கியம் என் தொடையில் கிள்ளிய தழும்பு இருந்தது. அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ தெரியாது, திரும்பி வாசல் பக்கம் நடந்து போய்விட்டாள்.

பவுனம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு நீல டைல்ஸ் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வீடியோல பேசுவீங்களா?" என்றார்.

"பேசுவேன்."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தம்மா பேசுவோம். சாப்பாடு சரியில்ல, தூக்கம் வரல. கோவிச்சுக்காத, சீக்கிரம் வந்துடறேன்னு."

"அவர்கிட்டயா சொன்னீங்க?"

"அவர்கிட்டன்னு தெரியாதும்மா."

"தெரியும், தெரியும்." மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி காலத்துல நான் அவரோட பேசறதில்ல. ஒரே வீடு. தட்டை வச்சுட்டு ரேடியோவ சத்தமா வைப்பேன், சாப்பிட வாங்கன்னு அர்த்தம். எதுக்கு ஆரம்பிச்சதுன்னுகூட மறந்து போச்சு. பேரு எழுதிப் பலகை வைங்கன்னு பையன் சொன்னான். வீம்பு, அதையும் வைக்கல. வச்சிருந்தா உங்க பொண்ணு இங்க வந்து நின்னிருக்காது." மூக்கைச் சிந்தினார். "யாரோ ஒருத்தர் சீக்கிரம் வந்துடறேன்னு சொல்லியிருக்காங்க அவர்கிட்ட. இருக்கட்டும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாட்டெல்லாம் பாடுனீங்களா?"

"ஒரு வருஷம்."

"முத்தம்?"

பாசில் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பரவாயில்ல" என்றார் பவுனம்மாள். "ஷேவ் பண்ணிட்டுத்தான குடுத்தீங்க."

எழுந்து, சிலுவையிலிருந்து கனகாம்பரத்தை அவரே அவிழ்த்தார். பாதியைப் பல்லால் அறுத்து என் கையில் வைத்தார். மீதிப் பாதியை மறுபடி சிலுவையிலேயே சுற்றினார். "நாலு வருஷமா வச்சுப் பழகிட்டாரு" என்றார்.

கையில் அரை முழப் பூவோடு நின்றேன். எதிரே அந்த இரண்டு வரிசை. சிலதில் புது சிலுவை, யார் யாரோ பெயர். சிலது வெறும் மேடு. சிலது மேடும் இல்லை, குழிந்து தண்ணீர் தேங்கியிருந்தது. மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே எங்கேயோ அவள் கிடக்கிறாள். பேர் செதுக்கின கல் இருக்கிறது, பூ இருக்கிறது, தொட வந்த கையும் இருக்கிறது. எங்கே தொட?

தூரத்தில் வாசல் ஓரம், மெழுகுவத்தி விற்கிற அம்மாவின் தார்ப்பாய்க்கு அடியில் லிசி இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போய்த் தோளைத் தொட்டு நாலு வார்த்தை சொல்கிற அப்பாக்கள் உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவளும் நானும் பேசிப் பழகியதெல்லாம் வேறு வழியில்.

போனை எடுத்து வீடியோ கால் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தாள். பாதி நெற்றியும் தார்ப்பாயும் தெரிந்தன.

"என்னப்பா."

"கேக்குதா?"

"கேக்குது."

"இரு, கேமராவத் திருப்பறேன். அம்மாவக் காட்டறேன், பாரு."

மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. வரிசையின் முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். திரையில் படம் ஆடியது. நான்கு வருடம் அவள் எவ்வளவு ஆடாமல் பிடித்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது யாரோ ஆரோக்கியசாமி. இது இல்ல. இதுல பேர் இல்ல, இதுவா இருக்கலாம். இங்க தண்ணி நிக்குது, இங்க இருக்கமாட்டா, அவளுக்குக் கால் ஈரமா இருந்தா புடிக்காது. இது சின்னக் குழந்தையோடது. இது..."

"அப்பா" என்றாள் லிசி.

"என்னம்மா."

"வேகமா போகாதீங்க. ஒண்ணும் தெரியல."

நின்றேன். பின்னால் பாசில், கல்லை என்ன செய்வது என்று யாரையும் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார். பவுனம்மாள் "செத்த இருப்பா" என்று அவரை அடக்கினார். முதல் தூறல் விழுந்து, போன் திரையில் ஒரு சொட்டு உட்கார்ந்தது. சட்டையில் துடைத்தேன். வெள்ளைச் சட்டைதான்.

"ம், இப்ப காட்டுங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கப்பா."

கொஞ்சம் தள்ளிக் காட்டினேன்.